பைத்தான் செயலிகளைத் தன்னிறைவாகப் பொதித்தல்

பைத்தான் செயலிகளைத் தன்னிறைவாகப் பொதித்தல் என்பது, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட மேசைக்கணினிச் செயலியை அதன் வரிமொழிமாற்றி, நிரலகங்கள், எழுத்துருக்கள், படங்கள் ஆகியவற்றுடன் ஒரே கோப்பாகவோ கோப்புறையாகவோ தொகுத்து வழங்கும் முறையாகும். பெறுபவர் தம் கணினியில் பைத்தானைத் தனியே நிறுவ வேண்டியதில்லை.

வரலாறு

கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான், வரிமொழிமாற்றியின் துணையுடன் இயங்கும் மொழியாகும். எனவே நிரல் மட்டும் கையில் இருந்தால் அது ஓடாது. இக்குறையைப் போக்கப் பைத்தானின் மூலத்தொகுப்பிலேயே ஃபிரீஸ் என்னும் கருவி சேர்க்கப்பட்டது. அதற்கு சி மொழி நிரல்பெயர்ப்பியும் தேவைப்பட்டது. பின்னர் தாமஸ் ஹெல்லர் விண்டோஸுக்காகப் பை2எக்ஸ்இ கருவியை உருவாக்கினார். கார்டன் மெக்மிலனின் இன்ஸ்டாலர் கருவியிலிருந்து 2005இல் பைஇன்ஸ்டாலர் கிளைத்தது.

செயல்படும் முறை

பைஇன்ஸ்டாலர், நிரலில் உள்ள இறக்குமதிக் கட்டளைகளைப் பின்தொடர்ந்து தேவையான நிரலகங்களைத் திரட்டுகிறது. எழுத்துரு, படம் போன்ற தரவுக் கோப்புகளை நிரலாளரே குறிப்பிட வேண்டும். ஒரே கோப்பாகப் பொதித்தால், ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் விரிந்த பின்னரே செயலி தொடங்கும். அதனால் தொடக்கம் சற்றுத் தாமதமாகும்.

விழுப்புரம் மாவட்டச் சூழல்

தமிழ்நாடு அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தன. விழுப்புரம், திண்டிவனம் அரசுப் பள்ளி மாணவர்களும் இத்திட்டத்தில் அடங்கினர். 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளித்து வருகிறது.

இத்தகைய கணினிகளில் பொதித்தலின் வரம்புகள் தெளிவாகத் தெரியும். விண்டோஸில் பொதித்த செயலி, அதே மடிக்கணினியின் லினக்சில் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனியே பொதிக்க வேண்டும். புதிய லினக்சில் பொதித்தது பழைய லினக்சில் ஓடாமல் போகலாம். பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7க்கான ஆதரவு இல்லை. எனவே பழைய கணினிகளுக்கு 3.8 பதிப்பைக் கொண்டே பொதிக்க வேண்டும். இணைய வசதியில்லாத வீட்டில் உள்ள மாணவருக்கு, நண்பரின் செயலி விரலியில் வந்து சேர்வதும் சேராததும் இதைப் பொறுத்ததே.

உரிமம்

பைஇன்ஸ்டாலர் குனு பொது உரிமத்தில் வெளியாகிறது. எனினும் அதன் சிறப்பு விலக்கின்படி, பொதித்த செயலியை எந்த உரிமத்திலும் வெளியிடலாம். செயலியோ அதில் சேர்ந்த நிரலகமோ குனு பொது உரிமத்தில் இருந்தால், பொதியைப் பெறுபவருக்கு மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். பொதியை மட்டும் பெறும் மாணவர் செயலியை இயக்கலாம். மூலநிரலையும் பெறுபவரே அதைப் படித்துத் திருத்த முடியும்.