காலில் கட்டிய வாசகம்

‘காலுறைக்குக் கட்டுற நாடாவுக்கு என்னய்யா வரலாறு?’ என்று நண்பர் கேட்டார். இருக்கிறது. எலாஸ்டிக் வருமுன் ஐரோப்பாவில் காலுறை நழுவாதிருக்க ஆணும் பெண்ணும் கட்டிய பட்டி அது, பெயர் கார்ட்டர். 1348-வாக்கில் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் அதைத் தன் வீரர் குழுவின் சின்னமாக்கினான். ஒரு சீமாட்டியின் காலிலிருந்து நழுவியதாம் அது. இது பின்னால் கிளம்பிய கதை. கதைக்குப் பெண்ணின் கால் வேண்டும். குழுவின் முழு உறுப்புரிமையோ பெண்களுக்குப் பொதுவாகத் திறந்தது 1987-இல்தான்.

மன்னன் கட்டினால் கௌரவம். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், போலிக் கடிதத்தை நம்பி எஜமானிக்காகக் குறுக்கே கட்டிக்கொண்டு வரும் காரியஸ்தன் மால்வோலியோவுக்குக் கேலியும் இருட்டறையும். நாடா அதேதான், கால்தான் வேற. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கார்ட்டரை விருந்தாளி ஆண்கள் முண்டியடித்துப் பறித்ததும் அங்கே வழக்கம்தான்.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பட்டு ஜோடிகள் சிலவற்றில் காதல் வாசகம் இருக்கிறது: பாதி ஒரு காலுக்கு, மீதி மறு காலுக்கு. பாவாடைக்கு அடியில் இருப்பதை ஊர் படிக்க முடியாது. இதை வெறும் காதலாக வாசிச்சுட்டுப் போக எனக்கு முடியலை. காதலன் தந்த பட்டி, அவள் உடம்பில் அவன் ஒட்டிய உரிமைச்சீட்டும்தான். ஆனாலும் அந்த வாசகத்தை யாருக்குக் காட்டுவது என்பதை அவளும் தீர்மானித்திருக்கலாம். சின்னங்களின் வரலாற்றில் நான் தேடுவது அந்தச் சிறிய இடத்தைத்தான்.