இறங்கிப்போன பேட்டரி

குத்தாலம் என்றவுடன் அருவியை நினைத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு: இது அதுவன்று. திருத்துருத்தி என்னும் பழம்பெயர் கொண்ட காவிரிக்கரை ஊர்.

1990களின் தொடக்கத்தில் அங்கே மின்சாரம் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், மாமாவின் வாடகை அம்பாசிடரிலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு இணைப்போம். மாதக்கணக்கில் இது நடந்தது. ஓர் இரவு, வலி கண்ட பக்கத்து வீட்டு அக்காவை மாயவரம் கொண்டுபோக வேண்டும், வண்டி உறுமவேயில்லை. தெருவே சேர்ந்து தள்ளிற்று. "பேட்டரி எறங்கிப்போச்சு" என்றார் மாமா. எது இறங்கிற்று என்பது எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று.

1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே இரு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தியதே இதன் மூலம். (ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இது நச்சுடைய காரீயம்.) 1881இல் கமீல் ஃபோர் தகடுகளில் ஈயக் கலவையைப் பூசிக் கொள்திறனைப் பெருக்கினார். 1912இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் தொடக்கி காடிலாக் காரில் வந்தது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நீங்கியது. காருக்கென்றே ஒரு பேட்டரி இனமும் உருவானது.

அதன் இயல்பு விசித்திரமானது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு கலங்கள். சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்பதால் மெல்லிய தகடுகள் பல. கொடுத்ததை ஓடும் வண்டி உடனே திருப்பி நிரப்பிவிடும். மணிக்கணக்காகச் சிறுகச் சிறுக வற்றவிடுவதற்கு அது படைக்கப்படவில்லை. வற்றியபடி கிடந்தால் தகடுகளில் காரீயச் சல்பேட்டு கெட்டிப்படும்; பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு வராது. நாங்கள் படம் பார்த்துப் பார்த்துச் செய்தது இதைத்தான். வீட்டு இன்வெர்ட்டருக்குக் குழாய்த் தகடு பேட்டரியைப் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

இத்தகைய மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் ஒரு தேசிய ஆய்வகம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

இனி மாமாவின் சொல். மின்னேற்றம் நிறைந்த அமிலத்தின் ஒப்படர்த்தி சுமார் 1.28. மின்சாரம் வெளியேற வெளியேறச் சல்பேட்டு தகடுகளுக்குப் போய், அமிலம் நீர்த்து 1.12 அளவுக்கு வரும். பேட்டரிக் கடைக்காரர் உறிஞ்சிப் பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் மிதவை அப்போது அமிழ்ந்து இறங்கும். அந்த வழக்கு இதிலிருந்துதான் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடிக் குழாய்க்குள் அது இறங்குவதை முதன்முறை கண்டபோது மாமாவை நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு வண்டி மாயவரம் போய்ச் சேர்ந்தது. விடியலில் பெண் குழந்தை. மறு ஞாயிறு படத்துக்கு மாமா பேட்டரி தரவில்லை.