சேலத்துச் சாலையும் சென்னைக் கணிதமும்

1997இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில், சேலத்துக் கல்லூரிகளில் கணிதம் பயின்றோருக்குப் பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தினின்றே வந்தமையால், சேலம், நாமக்கல் சமவெளியின் கணித வரலாற்றை எழுதப் புகுவோன், சென்னையில் டோப்பாலஜி என்னும் சாஸ்திரத்தை வேரூன்றச் செய்த ஆர். வைத்தியநாதசுவாமியிடமிருந்தே (1894–1960) தொடங்க வேண்டியவனாகிறான்.

அச்சாஸ்திரத்தின் நுட்பமான பகுதி ஒன்றை நம் ஊர்ச் சாலையிலேயே விளங்கிக்கொள்ளலாம். சேலம் முதல் நாமக்கல் வரையுள்ள சாலையின் ஒவ்வொரு புள்ளிக்கும், எங்கும் திடீரெனத் தாவாதவாறு ஓர் எண்ணைக் குறித்துச் சென்றால் அது தொடர்ச்சியான சார்பு. அத்தகைய சார்புகளின் திரளே வளையம். அவற்றுள் மல்லூரில் ஒரு மைல்கல்லில் பூஜ்யமாகும் சார்புகளை மாத்திரம் பொறுக்கியெடுத்தால், இரண்டைக் கூட்டினும், ஒன்றை வேறெந்தச் சார்பினால் பெருக்கினும், விடை அம்மைல்கல்லில் பூஜ்யமாகவே நிற்கும். இத்தொகுதி ஓர் ஐடியல்; வேறொரு சார்பை இதனுட் புகுத்தினால் வளையம் முழுவதுமே உள்ளே வந்துவிடுமாதலின், மீப்பெரு ஐடியல். இருமுனையும் உள்ளடங்கிய சாலையில் மீப்பெரு ஐடியல் ஒவ்வொன்றுக்கும் உரிய புள்ளி ஒன்றுண்டு. ஆகவே, சாலையையே மறந்து அல்ஜீப்ராவை மட்டும் கைக்கொண்டாலும் சாலையை மீளக் கட்டிவிடலாம். இதனை 1939இல் ருஷ்யர்களாகிய கெல்ஃபாண்டும் கோல்மகோரவும் விளக்கினர்.

சாலை நாமக்கல்லில் நில்லாது முடிவின்றி ஓடுமாயின் கதை வேறு. ஏதோ ஓரிடத்துக்கு அப்பால் முற்றிலும் பூஜ்யமாகிவிடும் சார்புகளும் ஓர் ஐடியலே. ஆனால் அவை யாவும் ஒருங்கே பூஜ்யமாகும் புள்ளி சாலையில் எங்குமில்லை. அந்த ஐடியலை உட்கொண்ட மீப்பெரு ஐடியல்களே, 1937இல் அமெரிக்கரான மார்ஷல் ஸ்டோனும் செக் நாட்டு எட்வர்ட் செக்கும் தனித்தனியே அமைத்த விரிவில் புதுப் புள்ளிகளாய் வந்து சேர்கின்றன.

இவ்வெண்ணங்கள் புதிதாயிருந்த அக்காலத்திலேயே வைத்தியநாதசுவாமி அவற்றின் பங்காளியாகத் திகழ்ந்தார். 1940களின் நடுவில் அவர் வெளியிட்ட கட்டுரை சார்புகளை விடுத்துக் கணங்களின் ஐடியலை எடுத்துக்கொண்டது: 'புறக்கணிக்கத்தக்கவை' எனச் சில கணங்களை முன்னரே வகுத்துவிட்டு, ஒரு கணம் எந்தெந்தப் புள்ளியின் அண்மையில் புறக்கணிக்கவொண்ணாததாய் நிற்கிறது என்று வினவியது. போலந்து அறிஞர் குரதோவ்ஸ்கியும் இவ்வழியில் சிந்தித்திருந்தார். இன்றும் இத்துறையில் எழுதுவோர் இருவர் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர். 1947இல் இந்தியக் கணிதச் சங்கம் வெளியிட்ட வைத்தியநாதசுவாமியின் கணவழி டோப்பாலஜி நூல், 1960இல் நியூயார்க்கில் இரண்டாம் பதிப்புக் கண்டது. சார்பு வளையங்களைப் பற்றி கில்மனும் ஜெரிசனும் எழுதிய பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டே. ராமாநுஜனின் புகழொளியில் எண் கோட்பாட்டையே சென்னையின் கணிதமாகக் கருதிவிட்ட நாம், இவருக்குரிய இடத்தை அளிக்கவில்லை என்பதே என் துணிபு.

ஸ்டோனுக்கும் இந்நாட்டோடு ஒரு தொடர்புண்டு: 1989 ஜனவரி 9ஆம் தேதி அவர் காலமானது சென்னையில்தான்.