சிட்னியின் குயின் விக்டோரியா கட்டடம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜார்ஜ், மார்க்கெட், யார்க், டிரூயிட் ஆகிய நான்கு தெருக்களுக்கு நடுவிலுள்ள நிலம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது குயின் விக்டோரியா கட்டடம். அதன் நீளம் ஏறத்தாழ 190 மீட்டர், அகலம் 30 மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே நகரச் சந்தை கூடிவந்த இடம் இது. பழைய கொட்டகைகளுக்குப் பதிலாகப் புதிய சந்தை கட்ட 1893-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

அப்போது நகரம் கடும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. வேலையின்றித் தவித்த கல்தச்சர்கள், சுதை வேலைக்காரர்கள், வண்ணக் கண்ணாடிக் கலைஞர்கள் பலருக்கு இந்தக் கட்டுமானம் பிழைப்புத் தந்தது. நகராட்சியின் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் மெக்ரே நான்கு பாணிகளில் வரைபடம் தந்தார். கனத்த அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணி தேர்வாயிற்று. நடுவில் பெரிய குவிமாடம் எழுந்தது: உட்புறம் கண்ணாடி, வெளிப்புறம் செப்புத் தகடு.

1898 ஜூலையில் கட்டடம் திறக்கப்பட்டது. நிலவறையில் காய்கனி மொத்த வியாபாரம் நடந்தது. மேல் தளங்களில் தையற்கடைகள், முடிதிருத்தகங்கள், பூக்கடைகள், காப்பிக் கடைகள், ஓர் இசையரங்கு என்று பலவும் இருந்தன. சீனாவில் பிறந்த வணிகர் குவாங் டார்ட் நடத்திய தேநீர் விடுதி நகரத்தாரிடையே பெயர்பெற்றது.

ஆனால் நகராட்சி எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. வாடகையைப் பெருக்குவதற்காக 1917-இல் தொடங்கிய மாற்றங்களில், கடைகளை அகலப்படுத்தத் தரைத்தளத்தின் நடைக்கூடம் பலியிடப்பட்டது. இசையரங்கு நகர நூலகமாயிற்று. 1930-களில் மின்வாரிய அலுவலகங்களுக்காகப் பல பகுதிகள் ஆர்ட் டெக்கோ பாணிக்கு மாறின. இப்படி ஒவ்வொரு மாற்றத்திலும் மெக்ரேயின் உள்ளமைப்பு சிறிது சிறிதாக அழிந்தது.

1959-இல் மேயர் ஹாரி ஜென்சன் கட்டடத்தை இடித்துவிட்டுப் பொதுச் சதுக்கமும் அதன் அடியில் வாகன நிறுத்துமிடமும் அமைக்கலாம் என்றார். பழங்காலக் கட்டடங்களைச் சுமையாகக் கருதிய காலம் அது. எதிர்ப்பு மெல்ல வலுத்தது. கட்டடத்தைக் காப்பதென்று 1971-இல் முடிவாயிற்று. ஆனால் சீரமைக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அதற்கு விடை மலேசியாவிலிருந்து வந்தது. ஈப்போ கார்டன் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கட்டடத்தை எடுத்து, தன் செலவில் சீரமைத்தது. உட்புறத்தில் மூல வேலைப்பாடு மிகக் குறைவாகவே எஞ்சியிருந்ததால், பழைய புகைப்படங்களையும் மிஞ்சிய துண்டுகளையும் பார்த்துத் தரை ஓடுகளும் கைப்பிடிக் கம்பிகளும் புதிதாகச் செய்யப்பட்டன. யார்க் தெருவுக்கு அடியில் வாகன நிறுத்துமிடம் அமைந்தது. 1986-இல் வணிக வளாகமாகக் கட்டடம் மறுபடி திறக்கப்பட்டது. மறு ஆண்டு, டப்ளினில் 1940-களின் இறுதியில் அகற்றப்பட்டிருந்த விக்டோரியா அரசியின் வெண்கலச் சிலை இங்கே கொண்டுவந்து நிறுவப்பட்டது.

கட்டடத்தின் உரிமை இன்றும் சிட்னி நகராட்சியிடமே இருக்கிறது. சட்டப் பாதுகாப்பு மட்டும் இருந்து வாடகை இல்லாவிட்டால், இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பேணுவது அரிது. அலுவலகங்களுக்காகச் சிதைக்கப்பட்ட கட்டடம், எந்தக் கடைகளுக்காக எழுப்பப்பட்டதோ அந்தக் கடைகள் திரும்பிய பிறகே நிலைபெற்றது.