மர விமானமும் துறப்பணமும்

நம் கல்முனைக் கரையிலே மரத்தோணி கட்டிய ஓடாவிமாருக்கு, பலகையில் நேராய்த் துளை போடுவது எத்துணைக் கடினமென்பது தெரியும். அதே திறமை ஒரு காலத்தில் போர் விமானத்துக்கும் வேண்டியிருந்ததை நம் இளைஞர் பலர் அறியார்.

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பனியார் கட்டிய ‘மொஸ்கிற்றோ’ விமானம் மரத்தாலானது; 1940 நவம்பர் 25ஆம் நாள் முதன்முறை பறந்தது. மெல்லிய ஒட்டுப்பலகைகளின் நடுவே பல்சா என்னும் மிக இலேசான மரத்தை வைத்து ஒட்டி உடலைச் செய்தனர். இறகோ முனைக்கு முனை ஒரே துண்டு.

பலகையோடு பலகையைச் சேர்ப்பது பசை. ஆனால் மர விமானம் எதிலும் பாரந்தாங்கும் உலோகப் பூட்டுகளை மரத்தோடு இறுக்குவன போல்ட்டுகளே. அவற்றின் துளையில்தான் சூட்சுமம் உளது. மரத்தில் வைரம் பாய்ந்த வரியும் மெதுவான வரியும் மாறிமாறி வருதலால், துறப்பண அலகு மெதுவான பக்கமாய்ச் சரிந்தோடும். ஆதலால் வழிகாட்டும் இரும்புக் குழலொன்றைப் பொருத்தி, மறுபுறத்தில் வேறொரு கட்டையை இறுக்கி வைத்துத் துளைப்பர். கட்டை இல்லாவிடின் அலகு வெளிவரும் இடம் சிலும்பாய்ப் பிய்ந்துபோம். போல்ட்டு இலேசான தட்டிலே உள்ளே இறங்கவேண்டும். தளர்வாயிருந்தால் ஆட ஆடத் துளை நீண்டுவிடும்; பாரமும் எல்லாப் போல்ட்டுகளுக்கும் ஒப்பப் பகிராது. ஓங்கி அடித்தாலோ மரம் பிளக்கும். துளையின் உட்புறத்துக்கு வார்னிஷ் பூசாவிடில் ஈரம் ஏறும்.

அளவு பிசகினால் என்னவாகும் என்பதை 1944 காட்டிற்று. அவ்வாண்டு இந்தியாவில் பறந்த மொஸ்கிற்றோக்கள் சில இறகு முறிந்து வீழ்ந்தன; விமானிகள் மாண்டனர். நவம்பரில் அங்கு அவை பறப்பதே நிறுத்தப்பட்டது. நம் பக்கத்து வெயிலும் மழையும் பசையைக் கெடுத்தன என்றே முதலில் பேச்சு. ஈரம் புகுந்தது மெய்தான். ஆனால் வெப்ப நாட்டையே கண்டிராத ஆறு விமானங்களை இங்கிலாந்தில் சோதித்தபோது, அவற்றின் இறகுகளிலும் அத்தகைய குறைகளே காணப்பட்டன. மரங்கள் செவ்வனே பொருந்தாது இடைவெளி விட்டிருந்தன. பசை அதை நிரப்பவில்லை. வெயிலைப் பழிப்பது எளிது, அளவுகோலைப் பழிக்க எவருக்கும் மனம் வராது போலும்!

பின்னர் இறகின் முன்விட்டத்தின்மேல் பலகைகள் சந்திக்கும் நெடுகிலும் ஒட்டுப்பலகைப் பட்டையொன்றை ஒட்டி ஈரத்தை அடைத்தனர். மரத்தையும் உலகம் கைவிட்டுவிடவில்லை. 1961இல் இந்தியச் சிவில் விமானத் துறையினர் பறக்கவிட்ட ‘ரோகிணி’ என்னும் இருவர் அமரும் எஞ்சினில்லா விமானம் மரத்தால் ஆனதேயாம்.