பிழை காட்டிய உயரமானி

கினிகத்தேனையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கித்துல்கலையிலிருந்து மேலேறும் வாகனங்கள் பட்டப்பகலிலும் விளக்கெரித்தபடியே வரும். எதிரிலுள்ள மலையை நினைவில்தான் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணொளி நின்றுவிடும் இடத்தில் வானொலி அலை நிற்பதில்லை. துருவப் பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை மனிதன் அறிந்துகொண்டது அப்படித்தான். அந்த அறிவோ, ஒரு கருவியின் பிழையிலிருந்து பிறந்தது.

விமானத்திலுள்ள ராடார் உயரமானி கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைச் சொல்கிறது. பெரும் பனிவிரிப்புகளின் மேல் பறந்தபோது இக்கருவிகள் உண்மையைவிடக் கூடுதலான உயரத்தைக் காட்டின. அலைகள் பனியை ஊடுருவிச் சென்று, அடியிலிருந்த பாறையில் பட்டுத் திரும்பியதே காரணம். வானமும் தரையும் ஒரே வெண்மையாகத் தெரியும் வெளியில், ஒரு விமானிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அந்தப் பிழையையே அளவுகோலாக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்க இராணுவச் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஏமரி வெயிட். 1934 இல் அந்தார்ட்டிக்காவில் தனிக்குடிலில் நச்சுப் புகையால் நலிந்து கிடந்த அட்மிரல் பேர்டைத் தேடிச் சென்ற மூவரில் இவரும் ஒருவர் என்பது சுவையான உபகதை. 1957 இல் அவர் ஒரு விமான உயரமானியைக் கொண்டே அந்தார்ட்டிக்கப் பனியின் தடிப்பை அளந்தார்.

1963 இல் கேம்பிரிட்ஜின் ஸ்கொட் துருவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்டான்லி எவன்ஸ் என்ற பொறியியலாளர் இதற்கெனவே ஒரு கருவியை அமைத்தார். வானொலி அலை காற்றில் ஒரு மைக்ரோ செக்கனுக்கு 300 மீற்றரும், பனிக்கட்டியில் ஏறத்தாழ 168 மீற்றரும் செல்லும், எஞ்சியது கணக்கு. 1970களில் விமானங்கள் பல இலட்சம் கிலோமீற்றர் பறந்து, எதிரொலிகளைப் புகைப்படச் சுருள்களில் பதிந்தன. மலைத்தொடர்களும் பள்ளத்தாக்குகளும் அவற்றில் தெரிந்தன. சில இடங்களில் எதிரொலி கண்ணாடிபோல் சமதளமாக வந்தது. அது நீர். ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் பனிக்கடியில் கிடக்கும் வொஸ்டொக் ஏரியின் முழுப் பரிமாணம் 1996 இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

பின்னர் செய்மதிகள் வந்தன. 1978 இல் ஏவப்பட்ட சீசாற் 105 நாட்களே இயங்கியபோதிலும், இருளிலும் முகிலிலும் கடற்பனியைப் படம்பிடிக்க முடியும் என்று நிரூபித்தது. 1993 இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு படி மேலே சென்றது. ஐரோப்பியச் செய்மதி சில நாள் இடைவெளியில் எடுத்த இரு ராடார் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, அந்தார்ட்டிக்காவின் ரட்ஃபோர்ட் பனியாறு நகரும் வேகத்தை அது கணித்தது. பனிமேல் ஒரு கம்பைக்கூட நடாமல்!

2025 ஜூலை 30 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், இந்த மரபின் வாரிசு. நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய இச்செய்மதி 12 நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்தின் மேல் வருகிறது. தென்துருவத்தைக் கூடுதலாகக் காண்பதற்காக அதன் ராடார் இடப்புறம் நோக்கியுள்ளது.

பனியாற்றின் நகர்வை அளக்கும் அதே முறை, மலைச்சரிவு மெல்ல இறங்குவதையும் அளக்கும். நிசாரின் 24 சென்ரிமீற்றர் அலை மரம் செடிகளை ஓரளவு கடந்து மண்ணை எட்டக்கூடியது. தேயிலை மலைகளுக்கு இதன் பொருள் பெரிது. ஒரே நாள் பெருமழையில் திடீரெனச் சரியும் மலையை அது முன்கூட்டிச் சொல்லிவிடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் செய்தது அத்தகைய அழிவுதான். ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும் சரிவுகளின் கதை வேறு.

ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயன்களை நினைக்கும்போது, செய்மதிகளைப் பற்றிய என் உற்சாகம் சற்றே அடங்கிவிடுகிறது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அன்று காலையிலும் அங்கே மக்கள் குடியிருந்தார்கள்.