கோணல்மாணலா பிரெட் வெட்டிட்டீங்களா? காதர்பேட்டை ஸ்டைல்ல காப்பாத்தலாம் வாங்க!

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா வந்துடும் காதர்பேட்டை. எக்ஸ்போர்ட்ல லேசா தையல் பிசகின டி-ஷர்ட்கூட இங்கே குப்பைக்குப் போகாது. 'செகண்ட்ஸ்'னு ஒரு பேர் வெச்சு, குவிச்சுப்போட்டு வித்துடுவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல, ரூம்ல தங்கியிருக்கிற ஒரு பேச்சிலர், வெட்டாத பிரெட்டை வாங்கிவந்து வெங்காயக் கத்தியால அறுத்து, "ஐயோ, போச்சே!"ன்னு தூக்கிப்போடலாமா? தப்புங்க. அதுவும் செகண்ட்ஸ்தான். தாராளமா ஓட்டலாம்.

ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி

பதற வேண்டாம். இதே மாதிரி இன்னொரு கோணல் துண்டை எடுங்க. முதல் துண்டோட குண்டுப் பக்கத்துக்கு மேல, ரெண்டாவதோட ஒல்லிப் பக்கம் வர்ற மாதிரி வைங்க. சாண்ட்விச் லெவலா வந்துடும். ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி!

செங்கல் சைஸ் துண்டு

டோஸ்ட்டர்ல நுழையாது. வாயிலயும் நுழையாது. பாம்பே டோஸ்ட்டுக்கு இதுதான் சூப்பர். 2 முட்டை, அரை டம்ளர் பால், கொஞ்சம் சர்க்கரை. நல்லா ஊறவிட்டு, சிறு தீயில ரெண்டு பக்கமும் சுடுங்க. தீயைக் கூட்டினா வெளியே கருகும், உள்ளே முட்டை வேகாது.

நடுவுல ஓட்டை

ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. தோசைக்கல்லுல வெண்ணெய் தடவி, பிரெட்டை வெச்சு, ஓட்டைக்குள்ள முட்டையை உடைச்சு ஊத்துங்க. கேக்கிறவங்ககிட்ட "டிசைனே இதுதான்"னு சொல்லிடுங்க.

மொத்தமும் பிய்ஞ்சுபோச்சு

பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டே மறுபடியும் நூலாகுற ஊரு இது. பிய்ஞ்ச பிரெட்டுக்கு உப்புமா இருக்கு. கடுகு, வெங்காயம், மிளகாய், தக்காளி வதக்கிட்டு, கடைசியா பிரெட்டைப் போட்டுப் புரட்டுங்க. தண்ணி தெளிச்சாப் போதும், ஊத்தினா களி. நெய் இருந்தா ரூட்டை மாத்துங்க: நெய்யில வறுத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறினா, பிரியாணிக்குப் பக்கத்துல வைக்கிற அதே பிரெட் அல்வா. தூளை வறுத்து வெச்சா கட்லெட்டுக்கு ஆகும்.

அடுத்த தடவை சொதப்பாம இருக்க...

பின்னலாடைத் துணியைக் கொஞ்ச நேரம் விரிச்சு 'ரிலாக்ஸ்' ஆகவிட்டுத்தான் வெட்டுவாங்க. இல்லைன்னா தைச்ச பிறகு அளவு மாறும். பிரெட்டும் அப்படித்தான். சூடா வெட்டினா நசுங்கி ஒட்டிக்கும், முழுசா ஆறட்டும். ரம்பப் பல் இருக்கிற கத்தியை எடுத்து, அமுக்காம முன்னும் பின்னும் இழுங்க. பிரெட்டைப் பக்கவாட்டுல படுக்கவெச்சு அறுத்தா மேல்பாகம் அமுங்காது.

இது உங்களுக்கு மட்டும் உள்ள பிரச்னையும் இல்ல. ஓட்டோ ரோவெடர் கண்டுபிடிச்ச மெஷினால வெட்டின பிரெட், அமெரிக்காவோட சில்லிகாத்தி நகரத்துல விற்பனைக்கு வந்ததே 1928 ஜூலை 7-ம் தேதிதான். போர்க்காலச் சிக்கனம்னு 1943 ஜனவரி 18 முதல் ஸ்லைஸ் பிரெட்டுக்கு அங்கே தடை போட்டாங்க. மக்கள் கொதிச்சுட்டாங்க. மார்ச் 8-ம் தேதியே தடை வாபஸ்!

காப்பாத்தக் கூடாத பிரெட்

இது சீரியஸ். பச்சையாவோ கறுப்பாவோ பூஞ்சை ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அந்தப் பாக்கெட் மொத்தமும் குப்பைக்குத்தான். பிரெட் மெத்துன்னு இருக்கிறதால, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள் உள்ளே ஓடியிருக்கும். புள்ளியை மட்டும் பிச்சுப்போடுறதோ, டோஸ்ட் பண்றதோ தீர்வில்லை. சில பூஞ்சை நச்சு சூட்டுக்கும் அழியாது. மாசக் கடைசி, பர்ஸ் காலின்னாலும் இதுல ரிஸ்க் வேண்டாம்.

வெறும் காய்ஞ்ச பிரெட்னா பயமில்லை. லேசா தண்ணி தெளிச்சு, கல்லுல வாட்டி, சூட்டோட சாப்பிடுங்க. சாதா ஃப்ரிட்ஜ்ல வெச்சா பூஞ்சை தாமதமாகும். ஆனா, அந்தக் குளிர்ல மாவுச்சத்து இறுகி பிரெட் சீக்கிரம் வறண்டுடும். ரெண்டு நாளைக்கு மேல வேணும்னா ஃப்ரீஸர்தான் பெஸ்ட்.

டி-ஷர்ட்ல தையல் கோணினாலும் போட்டுக்கிட்டுக் கெத்தா சுத்துறோம். பிரெட் கோணினா மட்டும் என்னங்க?